கண்டியும் விருத்தசேதனமும்: பாலியல் தொற்றுத் தடுப்பு ஆய்வு வந்த வழி

கண்டியில் கட்டுக்கலைப் பள்ளிவாசலிலிருந்து செல்வ விநாயகர் கோவிலுக்கும், அங்கிருந்து தலதா மாளிகைக்கும் நடந்தே போய்விடலாம். இந்தச் சிறு வட்டத்துக்குள் சுன்னத்து செய்துகொண்ட ஆண்களும் செய்துகொள்ளாதவர்களும் தலைமுறை தலைமுறையாக ஒரே சந்தையில் வாங்கி, ஒரே வைத்தியசாலை வரிசையில் நின்று வாழ்ந்து வருகிறார்கள். விருத்தசேதனம் பாலியல் தொற்றைத் தடுக்குமா என்று அறிய விரும்பும் ஆய்வாளருக்கு இதைவிட வாய்ப்பான ஒப்பீட்டுக் களம் கிடையாது என்று தோன்றும். அந்த எண்ணம் ஏன் பிழை என்பதையும், வேறு இடங்களில் கிடைத்த விடை கண்டியில் ஏன் கொள்கையாகவில்லை என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலில் இந்த அயல்வாழ்வின் பின்னணி. போர்த்துக்கேயர் தம் பிடியிலிருந்த கரையோரப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, 1626இல் செனரத் மன்னன் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தான். பெருந்தொகையினர் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றப்பட்டனர். மலைநாட்டு ஊர்களில் குடியமர்ந்தோர் பொதிமாட்டுப் போக்குவரத்தை நடத்திய மடிகே பிரிவில் அரச சேவை செய்தார்கள். அதற்குப் பதிலாக நிலம் பெற்றார்கள். வைத்தியமும் அவர்கள் கையில் இருந்தது. கெட்டபேரியவைச் சேர்ந்த கோபால குடும்பத்தினர் கண்டி அரண்மனை வைத்தியர்கள். 1760இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனுக்கு எதிராகத் திட்டமிடப்பட்ட சதியை மன்னனுக்கு அறிவித்தவரும் அக்குடும்பத்து முதலி ஒருவரே. இலங்கை முஸ்லிம்களின் ஆயிரமாண்டு வரலாற்றை 1994இல் நூலாக்கிய லோர்னா தேவராஜா இந்த உறவை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

பௌத்த மன்னனின் நாடியை முஸ்லிம் வைத்தியர் பிடித்துப் பார்த்த அரசில், வைத்திய அறிவு சமய எல்லையைத் தாண்டிப் போனது. சுன்னத்து மட்டும் தாண்டவில்லை. அது நோய்க்கான சிகிச்சையாக அல்ல, மார்க்கக் கடமையாகவே செய்யப்பட்டது. செய்தவரும் அரண்மனை வைத்தியர் அல்ல. பரம்பரையாகச் சவரத் தொழில் செய்துவந்த ஒஸ்தா. புத்தாடை உடுத்தி, விருந்து வைத்துக் கொண்டாடப்படும் சிறுவன், அதன் பின்னான நாட்களில் புண்ணில் உராயாமல் சாரத்தை இரு கையாலும் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்குள் நடமாடுவான். இன்று அந்த இடத்தைப் பெரும்பாலும் வைத்தியர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கைக்குழந்தைகளுக்கு வளையம் வைத்து நூலால் இறுக்கிக் கட்டும் முறையும் உண்டு. ஒரு வாரமளவில் வளையம் தானாக விழுந்துவிடும்.

கடமையாக இருந்ததை நோய்த்தடுப்புக் கேள்வியாக மாற்றியவர் லண்டன் வைத்தியர் ஜொனதன் ஹட்சின்சன். யூதர்கள் அதிகம் வந்துபோன ஒரு வைத்தியசாலையில், அவர்களிடையே கிரந்தி (சிபிலிஸ்) நோய் மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டு 1855இல் கட்டுரை எழுதினார். காரணம் விருத்தசேதனமே என்றார். யூதக் குடும்பங்களின் திருமண வழக்கம், யாருடன் யார் உறவு வைத்தார்கள் என்பது, யார் எந்த வைத்தியசாலையை நாடினார்கள் என்பது ஆகிய எதையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. 1890இல் விருத்தசேதனத்துக்காக மீண்டும் வாதாடியபோது, சிறுவர்களின் சுயஇன்பத்தை அடக்குவதும் அவருடைய நோக்கங்களில் ஒன்றாகச் சேர்ந்திருந்தது.

ஹட்சின்சனை ஆய்வு முன்னோடியாகப் போற்றும் நூல்கள் அவருடைய மற்றொரு முடிவை மெல்லக் கடந்துவிடுகின்றன. கெட்டுப்போன மீனை உண்பதால்தான் தொழுநோய் வருகிறது என்று அவர் உறுதியாக நம்பினார். அதற்கு ஆதாரம் தேடித் தென்னாப்பிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் பயணம் செய்து, 1906இல் தனி நூலே வெளியிட்டார். தொழுநோய்க் கிருமியை ஹான்சன் 1873லேயே கண்டுவிட்டிருந்தார். இரண்டு கருத்துக்கும் ஹட்சின்சன் கையாண்ட முறை ஒன்றுதான்: ஒரு கூட்டத்தாரின் வழக்கத்தையும் அவர்களின் நோயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு கட்டுவது. ஒன்று ஓரளவு சரியாய்ப் போயிற்று, மற்றது முழுப் பிழை. எது எதுவென்று அறிய அம்முறைக்குள் வழியே இல்லை.

அவரைப் போல ஒருவர் அக்காலத்தில் கண்டிக்கு வந்து முஸ்லிம்களையும் சிங்களவரையும் ஒப்பிட்டிருந்தால் இன்னொரு சிக்கலிலும் மாட்டியிருப்பார். அதன் பெயர் பறங்கி நோய். உலர்வலயக் கிராமங்களிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் உடலெங்கும் புண்ணாக வெடித்த இந்நோயைப் பற்றி, சிவில் மருத்துவத் தலைமை அதிகாரி டபிள்யூ. ஆர். கைன்சி 1881இல் அறிக்கை எழுதினார். கிரந்தியை உண்டாக்கும் கிருமியின் நெருங்கிய உறவுக் கிருமிதான் பறங்கிக்கும் காரணம். ஆனால் பறங்கி பாலுறவால் பரவுவதில்லை. புண் தோலில் பட்டுச் சிறுவர்களிடையே தொற்றுவது. கண்ணால் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். 1906இல் வந்த வாசர்மன் இரத்தப் பரிசோதனையும் உதவவில்லை. இரண்டுக்குமே அது ஒரே விடையைத் தந்தது. எனவே பழைய இலங்கைப் பதிவுகளில் ‘கிரந்தி’ என்று எண்ணப்பட்டவர்களில் பாலியல் வழி தொற்றியவர் யார், சிறுவயதில் பறங்கி கண்டவர் யார் என்று இப்போது பிரித்தெடுக்க முடியாது. விருத்தசேதனத்தின் பயனை அந்த எண்களிலிருந்து அளக்க முயல்வது வீண் வேலை.

பிறகு பெனிசிலின் வந்தது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு இடம்மாறிய காலமும், அந்த மருந்து படை வைத்தியசாலைகளில் பரவிய காலமும் ஒன்றே. சில ஊசிகளில் கிரந்தி குணமாகும் என்றானதும், அதைத் தடுக்கக் கத்தி எடுக்கலாமா என்ற கேள்வியின் அவசரம் போய்விட்டது. 1947இல் கனடிய இராணுவத்தினரைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதுபோன்ற ஓரிரு ஆய்வுகளைத் தவிர நாற்பது ஆண்டுகள் இத்துறை ஏறக்குறைய உறங்கியது.

எழுப்பியது எயிட்ஸ். 1986இல் கலிபோர்னியச் சிறுநீரக வைத்தியர் ஆரன் ஃபிங்க், விருத்தசேதனம் செய்யாத ஆண்களுக்கு எச்.ஐ.வி எளிதில் தொற்றக்கூடும் என்று மருத்துவ இதழொன்றுக்குக் கடிதம் எழுதினார். கையில் தரவு இல்லாத ஊகம். 1989இல் நைரோபியின் பாலியல் நோய்க் கிளினிக் ஒன்றுக்கு வந்த ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு, செய்துகொள்ளாதவர்களுக்கு ஆபத்து எட்டு மடங்கு என்றது. ஆப்பிரிக்காவில் விருத்தசேதன வழக்கம் குறைந்த பகுதிகளில் எச்.ஐ.வி மிகுந்திருப்பதைக் காட்டும் வரைபடங்களும் வந்தன. ஆனாலும் இவை ஹட்சின்சன் முறையின் வளர்ச்சிதான். 2003இல் இந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட கொக்ரேன் குழு, விருத்தசேதனத்தைத் தடுப்பு முறையாகப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றே கூறிற்று.

தெற்காசியாவுக்கு நெருக்கமான ஆய்வு 2004இல் புனேயிலிருந்து வந்தது. சற்று நின்று பார்க்க வேண்டியது அதுதான். ஸ்டீவன் ரெனால்ட்ஸும் புனே தேசிய எயிட்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்தோரும், பாலியல் நோய்க் கிளினிக்குகளுக்கு வந்த, எச்.ஐ.வி தொற்றாத 2298 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். விருத்தசேதனம் செய்திருந்தவர்களுக்கு எச்.ஐ.வி தொற்றும் ஆபத்து மற்றவர்களுடையதில் சுமார் ஏழில் ஒரு பங்கு. அதே ஆண்களுக்குக் கிரந்தி, வெட்டை (கொனோரியா), பிறப்புறுப்பு ஹெர்பிஸ் ஆகியவற்றிலிருந்து குறிப்பிடத்தக்க பாதுகாப்பு கிடைக்கவில்லை. இந்த முரண்தான் ஆய்வின் உயிர். முஸ்லிம் ஆண்கள் ஒழுக்கமாக நடப்பதால் தொற்று குறைகிறது என்றால் நான்கு நோய்களும் சேர்ந்தே குறைந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்ததால், காரணம் நடத்தையில் அல்ல, உடலில் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். முன்தோலின் உட்பக்கம் மெல்லியது, ஈரமானது, எச்.ஐ.வி பற்றிக்கொள்ளும் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் அங்கே மேற்பரப்புக்கு மிக அருகில் இருக்கின்றன. கண்டியைப் போன்ற கலப்பு நகரில் சமயத்தையும் உடலையும் பிரித்துப் பார்க்கச் சொல்லப்பட்ட மிகச் சாமர்த்தியமான வாதம் இது.

இறுதி விடையை அயலாரை ஒப்பிட்டுப் பெறவில்லை. சீட்டுக் குலுக்கிப் பெற்றார்கள். யாருக்கு உடனே அறுவை, யாருக்குப் பின்னர் என்பதைத் தற்செயல் தீர்மானித்தபோது சமயம், வளர்ப்பு, ஒழுக்கம் எல்லாம் இரு பக்கமும் சமமாகப் பங்கிடப்பட்டன. தென்னாப்பிரிக்காவின் ஒரேஞ்ச் ஃபாமில் பெர்ட்ரான் ஓவெர் குழு 3274 ஆண்களைச் சேர்த்தது. அறுவை செய்த பக்கம் 20 தொற்று, செய்யாத பக்கம் 49; அதாவது ஏறக்குறைய 60% குறைவு. முடிவு 2005இல் வெளியானது. கென்யாவின் கிசுமுவில் ரொபர்ட் பெய்லியும், உகண்டாவின் ராக்காயில் ரொனால்ட் கிரேயும் நடத்திய சோதனைகள் ஏறக்குறைய பாதியளவு குறைவைக் காட்டின. 2006 டிசம்பரில் அவ்விரண்டும் இடையில் நிறுத்தப்பட்டு எல்லோருக்கும் அறுவை வழங்கப்பட்டது. 2007 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை வெளியிட்டது. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் 2018 வரை சுமார் 2 கோடியே 30 லட்சம் அறுவைகள் நடந்தன.

புனேயின் முரணும் பெரும்பாலும் நிலைத்தது. கிரந்தியில் வித்தியாசம் இல்லை என்று ராக்காயும், வெட்டையில் இல்லை என்று கிசுமுவும் கண்டன. ஹெர்பிஸ் தொற்று மட்டும் ராக்காயில் 28% குறைந்தது. மனித பப்பிலோமா வைரசின் ஆபத்தான வகைகள் 35% குறைந்தன. ஹட்சின்சன் தொடங்கிவைத்த நோயிலேயே பயன் நிரூபணமாகவில்லை என்பது வரலாற்றின் குறும்பு. ஏற்கனவே எச்.ஐ.வி உள்ள ஆணுக்கு அறுவை செய்தால் மனைவிக்குத் தொற்றுவது குறையும் என்ற எதிர்பார்ப்பும் 2009இல் ராக்காயில் பொய்த்தது.

இனி இந்த எண்களைக் கண்டிக்குக் கொண்டுவருவோம். ஒரேஞ்ச் ஃபாமில் சுமார் 1600 அறுவைகள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டில் 29 தொற்றுகளைத் தடுத்தன. ஒரு தொற்றைத் தடுக்க 55 அளவில். இலங்கையில் 2022இல் அறிவிக்கப்பட்ட புதிய எச்.ஐ.வி தொற்றாளர் 607 பேர். இவர்கள் அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேருக்கும் பெண்ணிடமிருந்தே தொற்றியது என்று மிகத் தாராளமாக வைத்துக்கொண்டு, 15 முதல் 49 வயது ஆண்கள் 50 லட்சம் எனக் கணக்கிட்டாலும், ஒரு தொற்றைத் தடுக்க அதே காலத்தில் ஏறக்குறைய 9000 அறுவைகள் வேண்டும். ஆப்பிரிக்கச் சோதனைகளில் சிக்கல்கள் ஏற்பட்ட வீதம் 1.5% முதல் 3.8% வரை. அந்த வீதப்படி 9000 பேரில் 135 முதல் 340 பேருக்கு இரத்தக் கசிவோ புண் பழுத்தலோ வேறு தொல்லையோ வரும். 60% என்ற எண் இங்கும் அதே 60% தான். ஆனால் நோய் அரிதான இடத்தில் அதன் பயன் மிகச் சிறுத்துவிடுகிறது. மேலும் இலங்கையில் பதிவாகும் புதிய தொற்றுகளில் பெரும்பங்கு ஆணோடு ஆண் உறவு வழியானவை. அந்த வகைத் தொற்றுக்கான சீட்டுக் குலுக்கல் சோதனையொன்று 2024இல்தான் சீனாவிலிருந்து வெளியானது; 247 பேர் கொண்ட அதில் அறுவை செய்தோரிடம் தொற்று இல்லை, மற்ற பக்கம் 5.

கண்டி உட்பட நாடெங்கும் பாலியல் நோய்க் கிளினிக்குகள் நடந்த வழி வேறு: இலவசப் பரிசோதனை, தொற்றாளரின் துணையைத் தேடிப்பிடித்துச் சிகிச்சை, ஆணுறை, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வியும் கிரந்தியும் தொற்றுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. பப்பிலோமா வைரசுக்கு 2017 முதல் பாடசாலை மாணவியருக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. விருத்தசேதனம் 35% தரும் இடத்தில் ஊசி அதைவிட மிக அதிகமாகத் தருகிறது.

கணக்கு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றில் உணவில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி தாக்குதலாக வெடித்தது. அடுத்த மாதம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் கண்டி மாவட்டத்தின் திகண, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகள் எரிந்தன. அவசரகாலச் சட்டம் வந்தது. 2019இல் குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்ற குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது. உடல், கருவளம், சமயம் மூன்றும் இப்படி முடிச்சுப்போட்டுக் கிடக்கும் மாவட்டத்தில், முஸ்லிம் ஆண்களையும் மற்றவர்களையும் பாலியல் நோய்க்காக ஒப்பிடும் ஆய்வு எந்த முடிவைத் தந்தாலும் ஒரு பக்கத்தார் அதை ஆயுதமாக எடுப்பார்கள். அத்தகைய ஆய்வை இங்கே நடத்த அறிவியல் தேவையும் இல்லை என்பதைப் புனேயும் ராக்காயும் ஏற்கனவே காட்டிவிட்டன.

இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். ஆண்களுக்கான ஆப்பிரிக்க முடிவுகளைக் காட்டி, ஒஸ்தா மாமிகள் பெண் குழந்தைகளுக்குச் செய்யும் கத்னா எனும் பிறப்புறுப்பு வெட்டுக்கும் மருத்துவப் பயன் உண்டு என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். மேலே சொன்ன மூன்று ஆப்பிரிக்கச் சோதனைகளிலும் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்கள், ஒப்புதல் தந்தவர்கள். அவற்றில் எதுவும் பெண்களின் உறுப்பைத் தொடவில்லை. 2018 மே மாதத்தில் சுகாதார அமைச்சு, வைத்தியர்கள் பெண் கத்னாவில் ஈடுபடக் கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தது. ஆண் குழந்தைகளின் சுன்னத்து தொடரும். அதில் வைத்தியத் துறை கேட்க வேண்டியவை வலிநீக்க மருந்து கொடுக்கப்பட்டதா, கருவி கிருமிநீக்கம் செய்யப்பட்டதா, இரத்தக் கசிவு நோய் குடும்பத்தில் உண்டா என்பன. எச்.ஐ.வி அந்தப் பட்டியலில் வருவதற்குக் கண்டியில் காரணம் இல்லை.