மின்னஞ்சல் முகவரியைப் பகுத்தல்: எந்த இலக்கணத்தின்படி?

மின்னஞ்சல் முகவரியை @ குறியில் இரண்டாக வெட்டினால் வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலான நிரலர்கள் தொடங்குகிறார்கள். விதிவிலக்குகள் தலைகாட்டும்போது அந்த வெட்டு ரெஜெக்ஸாக மாறுகிறது. பிறகு எழுதியவருக்கே புரியாத அளவுக்கு அது நீள்கிறது. வெளி நூலகத்தின் துணையின்றி முகவரியைப் பகுப்பது கடினமன்று, பல இடங்களில் அதுவே தக்க வழி என்பது என் வாதம். எந்த இலக்கணத்தை ஏற்கிறோம் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

இலக்கணங்கள் இரண்டு உள்ளன. இரண்டும் 2008இல் வெளிவந்தவை. மடலின் தலைப்பு வரிகளை வரையறுப்பது ஆர்எஃப்சி 5322. 1982இன் 822, 2001இன் 2822 ஆகியவற்றின் வாரிசு. இதன்படி முகவரிக்கு நடுவே அடைப்புக்குறிக்குள் கருத்துரை எழுதலாம். அதற்குள் இன்னொரு கருத்துரையும் வரலாம். வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறையை வகுக்கும் 5321இல் இந்த அலங்காரம் எதுவும் இல்லை. பதிவுப் படிவத்தில் பயனர் தட்டும் முகவரிக்கு 5321 போதும்.

822ஐ அப்படியே பின்பற்ற முயன்ற பெர்ல் ரெஜெக்ஸ் ஒன்று ஆறாயிரம் எழுத்துகளைத் தாண்டிப் புகழ்பெற்றது. அதுவும்கூடக் கருத்துரைகளை முன்னரே நீக்கித் தரும்படி கேட்கிறது. அடைப்புக்குள் அடைப்பாக எத்தனை ஆழம் சென்றோம் என்று எண்ணும் திறன் கிளீனி வகுத்த ரெகுலர் கோவைக்கு இல்லை என்பதே காரணம். (இன்றைய பெர்லில் அதற்கு வசதி உண்டு, ஆனால் அது கிளீனியின் கோவை அன்று.)

5321ஐ எடுத்துக்கொண்டால் இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கும் சிறு நிலைப்பொறி போதும். சொல்லுக்குள் இருக்கிறோமா, மேற்கோளுக்குள்ளா, பின்சாய்வை அடுத்தா, டொமைனிலா என்ற நினைவு மட்டுமே அதற்குத் தேவை. "அ@ஆ"@எடு.இந்தியா என்ற முகவரியில் முதல் @ குறியில் வெட்டுபவர் தவறுவார். கடைசி @ குறியில் வெட்டுபவர் தப்பிப்பார். ஆயினும் டொமைன் இடத்தில் சதுர அடைப்புக்குள் வரும் முகவரிக்குள்ளும் @ வர இலக்கணம் இடம் விடுகிறது. நிலைப்பொறிக்கு இந்த ஊகங்கள் வேண்டியதில்லை.

நீளத்திலும் தடுமாற்றம் உண்டு. @ குறிக்கு முன்னுள்ள பகுதிக்கு 64 பைட், முழு முகவரிக்கு 254 பைட் என்பதே எல்லை. 2004இன் ஆர்எஃப்சி 3696 இதை 320 என்று எழுதியது. பின்னர் பிழைதிருத்தத்தில் அது 254 ஆனது. பழைய எண்ணை இன்றும் நிரல்களில் காணலாம்.

2012இன் 6531 தமிழ் முகவரிகளுக்கு வழிவிட்டது. எல்லைகளோ பைட்டிலேயே நிற்கின்றன. யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியெண்ணும் மூன்று பைட். ஆகவே முன்பகுதி தனித்தமிழில் இருந்தால் 21 குறியெண்களைத் தாண்ட முடியாது. 'கொ' என்பது இரண்டு குறியெண்களாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலும் பிரிந்து மூன்றாகவும் வரலாம். முன்பகுதிக்குப் பொருள் கொள்ளும் உரிமை பெறும் வழங்கிக்கே உண்டு என்கிறது 5321. எனவே இவ்விரு வடிவங்களையும் ஒப்பிடுவதற்காக மட்டும் ஒன்றாகச் சீராக்கி, பயனர் தந்த வடிவத்தையே சேமிப்பது முறை.

நூலகங்கள் பலரால் சோதிக்கப்பட்டவை என்ற மறுப்பு எழும். சிவிஇ-2023-27043 என்ற குறைபாட்டைப் பாருங்கள்: பைத்தானோடு வரும் மின்னஞ்சல் பகுப்பி, சிறப்பெழுத்து கலந்த உள்ளீட்டில் முகவரியல்லாத பகுதியை முகவரி என்று திருப்பித் தந்தது. குறிப்பிட்ட டொமைனுக்கு மட்டும் அனுமதி தரும் தளங்களில் இது நுழைவாயிலாகிவிடும். அந்தப் பகுப்பி தலைப்பு வரிகளுக்காக, தாராள மனத்தோடு எழுதப்பட்டது. பதிவுப் படிவத்துக்குத் தாராளம் ஆகாது. பொருந்தாததைத் திருத்த முயலாமல், எந்த எழுத்தில் தடைபட்டது என்று சொல்லி மறுத்துவிட வேண்டும்.

வந்த மடலின் அனுப்புநர் வரியைப் படிப்பது வேறு வேலை. பெயர், கருத்துரை, குறியாக்கிய சொற்கள் எல்லாம் அங்கே கலந்து வரும். அதற்குத் தொடர்ந்து பராமரிக்கப்படும் நூலகத்தையே நாடுங்கள்.