எச்சில் தட்டின் வரலாறு

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் உணவுக்கூடத்தை மனக்கண்முன் கொண்டுவருவோம். நண்பகல் வேளை. உண்டு முடித்த மாணவர் ஒருவர் தம் தட்டை நகரும் பட்டையின்மீது வைக்கிறார். பாதி கடித்த ரொட்டித் துண்டு, தொடாத காய்க்கலவை, இரண்டு கரண்டி சோறு ஆகியவை அதில் எஞ்சியிருக்கின்றன. பட்டை நகர்கிறது. சுவரிலுள்ள சிறு திறப்பின் வழியே தட்டு மறைகிறது. மாணவரும் வகுப்பை நோக்கி நடக்கிறார். ஆனால், அச்சுவருக்கு அப்பால் எஞ்சிய உணவு எங்கே செல்கிறது என்பதற்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நமக்கும் பயன்தரும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டுப் பெரிய சமையற்கூடங்களின் எச்சத்தைப் பன்றிப் பண்ணைகளுக்கு அனுப்புவது வழக்கமாயிருந்தது. ஒருவர் கழித்தது மற்றொன்றுக்கு உணவாயிற்று. இந்த ஏற்பாட்டுக்கு 1952ஆம் ஆண்டு பேரிடி ஒன்று விழுந்தது. அதுவரை கலிபோர்னியாவுக்குள் அடங்கியிருந்த பன்றி நோய் ஒன்று, வயோமிங் மாநிலத்தின் செயன் நகரிலிருந்து நாடெங்கும் பரவியது. தொடர்வண்டிகளிலிருந்து இறக்கப்பட்ட உணவு எச்சத்தை வேகவைக்காமல் பன்றிகளுக்குக் கொடுத்ததே காரணம் எனக் கண்டறியப்பட்டது. எச்சத்தைக் கொதிக்கவைத்த பின்னரே விலங்குகளுக்கு அளிக்கவேண்டும் என மாநிலங்கள் சட்டமியற்றின. 1980இல் நடுவண் அரசும் அவ்வாறே சட்டமியற்றியது. செலவும் தொல்லையும் மிகவே, அந்த வழி பெரிதும் அடைபட்டது. எச்சம் குப்பை மேட்டுக்குத் திரும்பியது.

குப்பை மேடும் நெடுநாள் பொறுத்துக்கொள்ளவில்லை. 1987ஆம் ஆண்டு, நியூயார்க் மாநிலத்தின் ஐஸ்லிப் பகுதியிலிருந்து 3,000 டன்னுக்கு மேற்பட்ட குப்பையைச் சுமந்துகொண்டு 'மோப்ரோ 4000' என்னும் படகு புறப்பட்டது. வடகரோலினா மறுத்தது, மற்ற மாநிலங்களும் மறுத்தன, மெக்சிகோவும் பெலீசும் தங்கள் கரையில் இறக்க இடந்தரவில்லை. ஆயிரக்கணக்கான கல் தொலைவு அலைந்த படகு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. இறுதியில் அக்குப்பை புரூக்ளினில் எரிக்கப்பட்டது. வீட்டுக்கு வெளியே எறிந்துவிட்டால் குப்பை இல்லாமற் போய்விடும் என்று நம்பியிருந்த மக்களை அந்தப் படகு உலுக்கிவிட்டது. 1991இல் குப்பை புதைக்கும் நிலங்களுக்குக் கடுமையான விதிகள் வகுக்கப்பட்டன. சிறிய குழிகள் பல மூடப்பட்டன. குப்பையைக் கொட்டவும் பெருங்கட்டணம் செலுத்தவேண்டியதாயிற்று.

புதைப்பதில் மற்றொரு தீங்கும் உண்டு. காற்றுப் புகாத ஆழத்தில் உணவு அழுகும்போது மீத்தேன் வாயு பிறக்கிறது. அது புவியின் வெப்பத்தைப் பெருக்குகிறது. 2018ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அமெரிக்காவில் புதைக்கப்பட்ட நகர்க்குப்பையில் ஏறத்தாழ 24 விழுக்காடு உணவேயாகும். அத்தகைய புதைகுழிகளிலிருந்து காற்றில் கசியும் மீத்தேனில் 58 விழுக்காடு உணவினால் விளைவதென அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023இல் மதிப்பிட்டது.

இதற்கு மாற்று என்ன? அதற்கான பாடம் நம் நாட்டு மண்ணிலேயே எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலேய உழவர் குடும்பத்தில் பிறந்த ஆல்பர்ட் ஹோவர்டு, 1905ஆம் ஆண்டு பீகாரின் பூசா ஆய்வு நிலையத்துக்குத் தாவரவியல் அறிஞராக வந்தார். உழவர்க்குக் கற்பிக்க வந்தவர், அவர்களிடமே கற்கத் தொடங்கினார். பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் இந்திய உழவர்களையும் தம் ஆசிரியர்களாகவே அவர் மதித்தார். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றியபோது, செடிகொடிக் கழிவு, சாணம், மாட்டுக் கோமியம் தோய்ந்த மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரம் காத்து, காற்றோட்டம் உண்டாகும்படி அவ்வப்போது கிளறி, ஏறத்தாழ மூன்று மாதங்களில் மக்கிய உரமாக்கும் முறையை வகுத்தார். யஷ்வந்த் வாட் என்னும் இந்திய வேதியியலாரும் அவரும் இணைந்து 1931இல் வெளியிட்ட நூல் வழியாக 'இந்தூர் முறை' உலகறிந்ததாயிற்று.

இதன் தொடர்ச்சியாகக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் நகர்க்குப்பையை உரமாக்கும் வழியை ஆராய்ந்து, 1953இல் தங்கள் அறிக்கையை வெளியிட்டனர். நுண்ணுயிர்களுக்கு ஏற்ற உணவு, அளவான ஈரம், போதிய காற்று ஆகிய மூன்றும் அமைந்தால் குவியல் தானாகவே சூடேறும். நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் முப்பது பங்கு என்னும் அளவு இதற்கு உகந்தது. சமையற்கூட எச்சத்தில் ஈரமும் நைட்ரஜனும் மிகுதி. ஆகவே மரச்சிராய்களையோ உலர்ந்த இலைகளையோ அதனுடன் கலக்கவேண்டும். கலக்காவிடில் நாற்றமெடுக்கும். 55 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பம் போதிய நாள்கள் நீடித்தால் நோய்க்கிருமிகளும் களை விதைகளும் பெரிதும் மடியும்.

இவ்வறிவைப் பல்கலைக்கழகங்கள் தங்கள் உணவுக்கூடத்துக்கே கொண்டுவந்தன. ஓஹியோ பல்கலைக்கழகம் 2009ஆம் ஆண்டு மூடிய கலன்களில் உணவு எச்சத்தை உரமாக்கும் நிலையத்தை நிறுவி, 2012இல் விரிவாக்கியது. சட்டங்களும் துணைக்கு வந்தன. வாரத்துக்கு ஒரு டன் அல்லது அதற்கு மேல் உணவுக் கழிவு வெளியேற்றும் நிறுவனங்கள் அதைக் குப்பையில் சேர்க்கலாகாது என மாசசூசெட்ஸ் 2014இல் தடைவிதித்தது. 2022இல் அந்த வரம்பு அரை டன்னாகக் குறைக்கப்பட்டது. வெர்மாண்ட் மாநிலம் 2020இல் வீடுகளுக்கும் அத்தடையை விரிவுபடுத்தியது.

வழியில் இடர்கள் இல்லாமலில்லை. உணவோடு கலந்துவிடும் நெகிழிக் கரண்டியும் பழத்தில் ஒட்டிய சிறு சீட்டும் உரத்தைக் கெடுத்தன. மக்கும் என்று விற்கப்பட்ட தட்டுகள் சிலவற்றிலேயே எளிதில் அழியாத வேதிப்பொருள்கள் இருப்பது பின்னர்த் தெரியவந்தது. எனினும் இவை கருவியும் கண்காணிப்பும் கொண்டு தீர்க்கத்தக்கவை. கருவியால் தீராத சிக்கல் ஒன்று வேறிடத்தில் இருந்தது.

ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் இருவர் 2017இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. வந்தவர்களுக்கு விலையின்றி உணவளித்தனர். சிலருக்கு உணவை வீணாக்குவதன் தீமையை முன்னரே எடுத்துரைத்தனர். மற்றவர்களுக்கு வேறு செய்தி ஒன்றைக் கூறினர். எஞ்சுவது குப்பைக்குச் செல்லும் என்று சிலரிடமும், உரமாகும் என்று சிலரிடமும் தெரிவித்தனர். தீமையை அறிந்தவர்கள் குறைவாகவே மிச்சம் வைத்தனர். ஆயினும் எச்சம் உரமாகப்போகிறது என்றும் கேள்விப்பட்டவர்களிடம் அந்த அறிவுரையின் பயன் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. 'வீணாகாது, உரமாகத்தானே போகிறது' என்னும் எண்ணம் கையைத் தளர்த்திவிட்டது போலும். நல்லதொரு செயலே மனச்சான்றைத் தாலாட்டி உறங்கவைத்துவிட்டது.

இங்கே நாம் சற்று நின்று எண்ணவேண்டும். ஒரு பிடி சோற்றில் உழவரின் உழைப்பு, பாய்ச்சிய நீர், ஏற்றிவந்த வண்டியின் எரிபொருள், அடுப்பின் தீ ஆகிய யாவும் அடங்கியுள்ளன. மக்கிய உரமாய் அதில் மீள்வது சிறு பங்கே. ஆகவேதான் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023இல் வெளியிட்ட வரிசையில் வீணாகாமல் தடுப்பதற்கே முதன்மை தந்தது. நல்ல உணவைத் தேவைப்படுவோர்க்கு வழங்குவதையும் முன்னணியில் வைத்தது. உரமாக்குதலை அவற்றுக்குப் பின்னரே நிறுத்தியது. 2008ஆம் ஆண்டையொட்டி உணவுக்கூடங்கள் பல, பெரிய ஏந்து தட்டங்களையே அகற்றிவிட்டன. இரு கையால் ஏந்தக்கூடிய அளவே எடுக்கமுடிந்ததால் எச்சம் குறைந்தது. கழுவும் நீரும் மிச்சமாயிற்று. 2011இல் மேரிலாந்துப் பல்கலைக்கழக மாணவர்கள், பரிமாறாமல் எஞ்சிய உணவைத் திரட்டிப் பசித்தோர்க்குக் கொண்டுசெல்லும் அமைப்பைத் தொடங்கினர்; அது பல கல்வி நிலையங்களுக்குப் பரவியது.

தோலும் கொட்டையும் தண்டும் எந்தச் சமையலிலும் மிஞ்சும். அவற்றுக்கு உரக்குவியலே தக்க இடம். இந்தூர் உழவர் அதை நன்கறிந்திருந்தார். ஆனால் அவர் தம் உணவைக் கழிவாக்கி உரம் செய்யவில்லை. உண்ணத்தகாததையே உரமாக்கி உணவு விளைவித்தார். இந்த வரிசை தலைகீழாகும்போது சிறந்த அறிவியலும் சாக்குப்போக்காகிவிடுகிறது. அடுத்த முறை தட்டில் உணவை எஞ்சவிட்டு எழ முற்படும்போது, அது எங்கே செல்லும் என்று கேட்பது நன்று. இதை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று அதற்கு முன்னரே கேட்பது அதனினும் நன்று.