அம்மா சிலைக்கு ஒரு மாலை

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இன்று கண்டெய்னர் லாரிகளும், ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்களும்தான் ஞாபகத்துக்கு வரும். 1991-ல் கார் கம்பெனிகள் எதுவும் வந்திருக்கவில்லை. ராமானுஜர் பிறந்த ஊர், அவ்வளவுதான். அங்கே இந்திரா காந்திக்கு ஒரு சிலை இருந்தது. மே 21-ம் தேதி ராத்திரி, பொதுக்கூட்ட மைதானத்துக்குப் போகும் முன் ராஜீவ் காந்தி காரை நிறுத்தி மாலை போட்டது அந்தச் சிலைக்குத்தான்.

தேர்தல் நேரத்து சம்பிரதாயம் என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு அப்பா, அம்மா முழுசாகக் கிடைத்ததே பிரயாணத்தில்தான். ஊரில் இருந்தால் நேரு ஒன்று கூட்டத்தில் இருப்பார், இல்லாவிட்டால் ஜெயிலில் இருப்பார். அவருடைய சிறைவாசம் மொத்தம் ஒன்பது வருஷத்துக்குக் கிட்டே வரும்!

1926-ல் கமலாவின் காசநோய்க்கு வைத்தியம் பார்க்கக் குடும்பம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது இந்திராவுக்கு எட்டு வயது. ஜெனீவாவில் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார் நேரு. 1927 டிசம்பரில் கொழும்பு வழியாக நேரே சென்னை காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தார்கள். இந்திராவுக்கு அப்போது பத்து வயது. அதன்பிறகு மறுபடியும் பழைய கதைதான்.

அடுத்த நல்ல காலம் 1931-ல் வந்தது. பிப்ரவரியில் தாத்தா மோதிலால் காலமாகியிருந்தார். மார்ச்சில் காந்தி - இர்வின் ஒப்பந்தம். போராட்டம் கொஞ்சம் ஓய்ந்திருந்த சமயம். உடம்பு அசந்துபோயிருந்த நேரு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு 'கிரகோவியா' என்ற கப்பலில் இலங்கைக்குக் கிளம்பினார். அந்தக் கப்பலில் உட்கார்ந்தும் மகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மகளும் அதே கப்பலில்தான் இருக்கிறாள்! ஜெயிலில் இருந்து எழுதி எழுதிப் பழகிய கை, என்ன செய்யும்?

நுவரெலியாவில் இரண்டு வாரம் தங்கினார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் தினமும் பல மைல் நடந்து அவர்களைப் பார்க்க வந்தார்கள். காட்டுப் பூ, காய்கறி, வீட்டில் கடைந்த வெண்ணெய் என்று கையில் எதையாவது கொண்டு வந்தார்கள். பேச பாஷை கிடையாது. சிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நம் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள்தானே அந்தத் தோட்டங்களில்! திரும்பும்போது கன்னியாகுமரி, திருவிதாங்கூர், மைசூர் என்று சுற்றிக்கொண்டு போனார்கள். (2022 செப்டம்பர் 7 காலையில் ஸ்ரீபெரும்புதூரில் அப்பாவின் நினைவிடத்துக்கு வந்துவிட்டு, ராகுல் காந்தி பாதயாத்திரை தொடங்கப் போனதும் அதே கன்னியாகுமரிக்குத்தான்.)

மூன்று பேரும் சேர்ந்து அப்படி நிம்மதியாக இருப்பது இனி வாய்க்குமா என்று பின்னால் சிறையில் எழுதிய சுயசரிதையில் ஏங்கியிருக்கிறார் நேரு. வாய்க்கவில்லை. 1936 பிப்ரவரியில் கமலா லோசானில் இறந்துபோனார்.

ராஜீவுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதேதான். பிரிந்திருந்த அப்பா பெரோஸும் அம்மாவும் 1960 கோடையில் பிள்ளைகளோடு சேர்ந்து காஷ்மீருக்குப் போனார்கள். அந்த செப்டம்பரிலேயே பெரோஸ் மாரடைப்பில் போய்விட்டார். ராஜீவுக்கு அப்போதுதான் பதினாறு வயது முடிந்திருந்தது.

மே 21-க்கு வருவோம். விசாகப்பட்டினத்திலிருந்து விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு, இரவு எட்டரை மணிவாக்கில் மீனம்பாக்கத்தில் இறங்கினார் ராஜீவ். போரூர், பூந்தமல்லி என்று நின்று நின்று வந்தது கார். ஸ்ரீபெரும்புதூர் வேட்பாளர் மரகதம் சந்திரசேகர், அவருடைய அம்மாவுக்கு நெடுநாள் வேண்டியவர். ஊருக்குள் நுழையும்போது மணி பத்து. சிலைக்கு மாலை போட்டுவிட்டு மைதானத்துக்குப் போனார்.

அங்கே, ராஜீவ் முன்னால் கவிதை சொல்வதற்காகத் தன் அம்மாவோடு வந்து காத்திருந்தாள் ஒரு சிறுமி. பத்து வயது. அவள் சொல்லி முடித்தாள், அவர் கேட்டார். பத்து இருபதுக்குக் குண்டு வெடித்தது. ராஜீவைத் தவிர பத்துப் பேருக்கு மேல் அங்கே செத்துப்போனார்கள். அந்தப் பட்டியலில் அந்தச் சிறுமியின் பெயரும் அவள் அம்மாவின் பெயரும் இருக்கின்றன.