முகப்புப் படமும் நிழலும்

கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கற்றிருப்பணியாகப் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் ஆலயம் உளது. அதன் சுவரை அணுகி நோக்குவார்க்கு, அரைத்தூண் முன்வருதலும் கொடுங்கை அதனினும் வெளியே கவிதலும் வெயிலில் இனிது புலப்படும். அவற்றையே முகப்புப் படமாக வரையின் யாவும் ஒரே தளத்திற் படிந்த கோடுகளாய்விடும். முகப்புப் படம் கண் காணும் காட்சியன்று. சேய்மை அண்மை பாராது அளவினை மட்டுமே காப்பது. கொத்தனுக்கு அதுவே வேண்டும். ஆயினும் ஆழம் எங்கே போயிற்று?

தஞ்சையிற் பிறந்து பெங்களூரில் நீதிபதியாயிருந்த இராம் ராஸ், சிற்பநூல் கூறும் அளவுகளை மேலைநாட்டு முறைப் படங்களாக்கினார். அவர் மறைந்தபின் 1834 இல் இலண்டனில் அச்சேறிய அந்நூலில் 48 படங்கள் உள. சொல்லில் இருந்த அளவு கோட்டில் வந்தது அதனாலேயாம்.

ஆழத்தை மீட்க ஐரோப்பியர் கண்ட வழி நிழல். பிரெஞ்சு அறிஞர் மொஞ்சு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த வடிவகணிதம் அதற்கு அடிப்படையாயிற்று. ஒளி இடப்புற மேல் முன்மூலையிலிருந்து, ஒரு கனசதுரத்தின் மூலைவிட்டம் வழியே வீழ்வதாகக் கொள்வர். அவ்வாறு கொள்ளின், இரண்டடி முந்திய இறவாரம் சுவரில் இரண்டடி நிழலே இடும். எனவே அந்நிழல் வெறும் அலங்காரமன்று, அளவுகோலிட்டு வாசிக்கத்தக்கது. கொழும்பின் ஞாயிறு இவ்வாறு ஒழுகுவதில்லை என்பது வேறு. ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டிலுள்ள இந்நகரில், ஏப்பிரல், செத்தெம்பர் மாதங்களில் நண்பகற் கதிர் உச்சியினின்று நேரே இறங்கும்.

ஜெப்ரி பாவாவின் பணியகத்தார் 1960களில் வேறொரு நெறி கண்டனர். சுவரை வெறுமையாக விட்டு, மரங்களை இலை இலையாக வரைந்தனர். சுவரை மறைக்கும் மரம் முன்னது, சுவரால் மறைவது பின்னது. பார்ப்பவன் தானே உணர்வான்.

1982 இல் ஓட்டோகாட் மென்பொருள் தோன்றியபின் தொழில் கணினிக்கு மாறியது. தொடக்கத்தில் கோட்டின் நிறமே அச்சிடும் பேனாவின் தடிப்பைத் தீர்மானித்தது; 1999 இல் வெளிவந்த பதிப்பிலேதான் தடிப்புத் தனிப் பண்பாயிற்று. அண்மையுறுப்புக்குத் தடித்த கோடு, சேய்மையுறுப்புக்கு மெல்லிய கோடு என்னும் பழைய கைவழக்கு அவ்வாறு மீண்டது. 2000 இல் வந்த ஸ்கெச்அப் மென்பொருளோ இடமும் நாளும் நேரமும் கொடுப்பின் அவ்விடத்து நிழலையே கணித்துத் தரும்.

வசதி பெருகியவிடத்து வழுவும் பெருகும். வெள்ளவத்தைத் தொடர்மாடியொன்றின் படத்தில் மங்கற் சாயலைக் கைபோனவாறு இடுவானாயின், நான்கடி முந்திய மேன்மாடமும் ஓரடி முந்திய சாளர விளிம்பும் ஒன்றேபோலத் தோன்றும். அளவுகோலோடு வருபவன் அங்கே ஏமாறுவான்.