வாடை

போன தை மாசம், உத்திரமேரூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, காப்புக்காட்டை ஒட்டிய ஒரு குட்டைக் கரையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு இருளர் பெரியவர். எங்கள் நிலத்தில் அறுப்பு முடிந்ததும் எலி பிடிக்க வருபவர். நான் அவரைத் தாத்தா என்பேன். அவர் என்னை சார் என்பார். வேட்டைக்குப் போகவில்லை, புள்ளிமான் தண்ணீர் குடிக்க வருவதைப் பார்க்கத்தான் போயிருந்தோம்.

முக்கால் மணி நேரம் எதுவும் வரவில்லை. சட்டைப்பையிலிருந்து மின்சிகரெட்டை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். சிகரெட்டை விடுவதற்காகப் பிடித்த பழக்கம் அது. சகபணியாளர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. இந்தியாவில் 2019-இலிருந்து இதை விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்பது தெரிந்தேதான் வைத்திருந்தேன். எனக்கு அதில் பிடித்ததே அதற்கு வாடை இல்லை என்பதுதான். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் தெரியாது. மானுக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

எதிர்க்கரைப் புதரில் எச்சரிக்கைக் குரல் ஒன்று கேட்டது. குளம்புச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"மோந்துகினு பூட்ச்சி சார்," என்றார் தாத்தா.

"மாம்பழ வாசனைதானே தாத்தா, லேசாதானே வரும்?"

"மாம்பழத்தயா மோந்துச்சி? உன்ன மோந்துச்சி."

வீட்டுக்கு வந்தும் அந்த வாக்கியம் போகவில்லை. என் வேலை மென்பொருளில் பிழை தேடுவது. எங்கே தவறு நடந்தது என்று பின்னோக்கித் தேடிப் போவது பழக்கம். அப்படித் தேடியதில், இந்த மண்ணில் வாடைக்கு இருக்கும் நீண்ட கதைக்குள் போய் மாட்டிக்கொண்டேன்.

முதலில் சொல். வாடை என்றால் வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று. பத்துப்பாட்டில் ஒரு நூலின் பெயரே நெடுநல்வாடை. பேச்சில் வாடை என்றால் நாற்றம், 'மீன் வாடை அடிக்குது' என்கிறோமே, அது. நாற்றம் என்ற சொல்லும் ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்ததுதான். பிறகு கெட்ட பக்கம் சாய்ந்துவிட்டது. காற்றுக்கும் வாடைக்கும் எப்படி ஒரே சொல் வந்தது என்பதற்கு மொழியியலாளர் வேறு காரணம் சொல்லலாம். ஆனால் வேட்டைக்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று பொருள். கால் பிறகுதான் போகும்.

இதே தொண்டை நாட்டு வேட்டையைப் பற்றி நமக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது, பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியில் இருக்கும் தொண்டைமான் இளந்திரையனிடம் போகச் சொல்லி ஒரு பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. அந்த வழியில் எயினர் குடியிருப்பு வருகிறது. பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கிறார்கள். முற்றத்து விளாமரத்தில் ஒரு விலங்கு கட்டியிருக்கிறது. அதன் பெயர் 'பார்வை'. காட்டு மானை ஏமாற்றி அருகே வரவைக்கப் பழக்கி வைத்திருக்கும் மான் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். ஆண்கள் நள்ளிரவில், மான் குளம்பு பதிந்த தடங்களுக்குப் பக்கத்தில், நீர் தேடி வரும் இடத்தில் குழிக்குள் ஒடுங்கிக் காட்டுப்பன்றிக்காகக் காத்திருக்கிறார்கள். இரவு ஏமாற்றினால், பகலில் நாய்களோடு போய் வேலிகளில் வலை மாட்டி முயலை விரட்டுகிறார்கள்.

பள்ளியில் படித்தபோது இது வெறும் வர்ணனையாகத்தான் பட்டது. குட்டைக் கரையிலிருந்து திரும்பி வந்து படித்தபோது ஒவ்வொன்றும் ஒரு கணக்குக்கு விடையாகத் தெரிந்தது. பாட்டில் வாடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் குழி எதற்கு? கண்ணுக்கு மறைய என்றால் புதரே போதும், அதுவும் நள்ளிரவில். குழிக்குள் ஒடுங்கியவன் மேல் காற்று நேராகப் படாது. அவன் வாடை பரவுவதும் குறையும். பார்வை மானும் அப்படித்தான். வருகிற மான் கண்ணால் மட்டும் நம்பாது, மூக்காலும் கேட்கும். அங்கே இன்னொரு மானின் வாடை பதில் சொல்லும். இது என் ஊகம்தான். தாத்தாவிடம் சொன்னபோது, "பின்ன?" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை.

அறிவியலும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. நம் தோலும் மூச்சும் வியர்வையும் ஓயாமல் ஆவியாகும் மூலக்கூறுகளை விட்டுக்கொண்டே இருக்கின்றன. மானின் மூக்குத் துவாரத்துக்குள் வாசனை உணரும் பரப்பு நம்முடையதைவிடப் பல மடங்கு பெரியது. மூக்கின் ஈரம் அந்த மூலக்கூறுகளைப் பிடித்து வைக்க உதவுகிறது. மின்சிகரெட்டில் ஆவியாவது புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். இரண்டுக்கும் வாசனை அநேகமாக இல்லை. வாசனை, சேர்க்கும் சுவையூட்டியிலிருந்து வருகிறது. ஆக, மாம்பழத்தைக் கழித்துவிட்டாலும் என் மூச்சு மிச்சம் இருக்கும். ஊதும்போது அதைத்தான் பெரிதாக்கி வெளியே தள்ளுகிறேன்.

உரிமம் வாங்கி மான் வேட்டையாட அனுமதி உள்ள அமெரிக்காவில் இது பெரிய விவாதம். மரத்து மேல் காத்திருக்கும்போது மின்சிகரெட் பிடிக்கலாமா? சிலர் கூடாது என்கிறார்கள். சிலர் அந்த ஆவியை விட்டே காற்றின் திசை பார்க்கிறார்கள். இதற்கென்றே மாவுத்தூள் அடைத்த குப்பிகள் அங்கே கடையில் கிடைக்கும். வாடை நீக்கும் சோப்பு, கரித்தூள் வைத்த உடை என்று ஒரு தனி வணிகமும் உண்டு. தாத்தாவுக்கு இதெல்லாம் வேண்டாம். காய்ந்த மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் விடுவார்.

என் இன்னொரு பிழையும் பிறகுதான் புரிந்தது. காற்று எதிர்க்கரையிலிருந்து என் பக்கம் வீசுவதைப் பார்த்துத்தான் மேட்டில் உட்கார்ந்தேன். ஆனால் பொழுது சாய்ந்து காற்று அடங்கியதும் நிலம் குளிர்கிறது. நிலத்தை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, பள்ளத்தை நோக்கி மெதுவாக இறங்குகிறது. பள்ளம் என்பது குட்டை. மான் இருந்ததும் அங்கேதான். என் வாடை தண்ணீர் மாதிரி வழிந்து அதனிடம் போயிருக்கிறது.

ஜிம் கார்பெட் குமாவுன் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி எழுதியதில் எனக்குப் பிடித்த ஒரு கவனிப்பு உண்டு. மனிதனுக்கு மோப்பம் கிடையாது என்பது புலிக்குத் தெரியாதாம். அதனால் மற்ற விலங்குகளிடம் நடந்துகொள்வது போலவே, மனிதனையும் காற்றுக்கு எதிர்த்திசையில்தான் நெருங்குமாம். நம் மூக்கின் லட்சணம் தெரியாமல் புலி நமக்குக் கொடுக்கும் மரியாதை!

ஆனால் மனிதன் மனிதனை மோந்து பார்ப்பதுண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது.

உத்திரமேரூர் என்றால் எல்லோருக்கும் குடவோலை ஞாபகம் வரும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறை. யார் பெயரை எழுதலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, மந்திர பிராமணம் தெரிந்திருக்க வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள். ஊரைச் சுற்றிய புதர்க்காட்டில் கிழங்கு தோண்டியவன், முயல் பிடித்தவன் பெயர் அந்தக் குடத்துக்குள் போக வழியே இல்லை.

இந்தப் பக்கத்து இருளர்களிடம் இருந்தது வேறொரு குடம். எலி வளையின் மற்ற வாய்களை மண்ணால் அடைத்துவிட்டு, ஒரு மண்பானைக்குள் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, பானை வாயை வளையில் வைத்து, அடியில் உள்ள ஓட்டையில் வாயை வைத்து ஊதுவார்கள். புகை உள்ளே போகும். எலி மயங்கும். பிறகு தோண்டி எலியையும், அது சேர்த்து வைத்த நெல்லையும் எடுப்பார்கள். பாதிப் புகை ஊதுபவர் நெஞ்சுக்குள்தான் திரும்பும். உதடு சுடும். எங்கள் வயலைக் காத்தது அந்த நெஞ்சுதான். தாத்தா பேச்சுக்கு நடுவே இருமுவார்.

2003-இல் உலக வங்கியின் ஒரு புத்தாக்கப் போட்டியில், இந்தப் பானைக்குப் பதிலாகக் கையால் சுழற்றும் இரும்புப் புகைக் கருவி ஒன்றைச் செய்து இருளர்களுக்குக் கொடுக்கும் தமிழ்நாட்டுத் திட்டத்துக்குப் பரிசு கிடைத்தது. வாய் வைத்து ஊத வேண்டாம். அதே 2003-ஐத்தான் சீன மருந்தாளுநர் ஹோன் லிக் இன்றைய மின்சிகரெட்டை உருவாக்கிய ஆண்டாகவும் சொல்கிறார்கள். ஒரு கருவி, வயிற்றுக்காகப் புகையை இழுத்தவர்களை அதிலிருந்து விடுவிக்க. இன்னொன்று, என்னைப் போல விரும்பி இழுப்பவர்களுக்கு வாடை இல்லாமல் இழுக்க. தாத்தா அந்த இரும்புக் கருவியைப் பார்த்ததில்லை. பானைதான்.

காடும் மெல்லக் கைவிட்டுப் போனது. 1882 சென்னை வனச் சட்டத்தில் காப்புக்காடுகளுக்குள் வேட்டைக்கும் கண்ணி வைப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு மான் வேட்டை முடிந்தது. பாம்புத் தோல் வணிகமும் அந்தப் பத்தாண்டிலேயே நின்றது. அவை வேண்டிய சட்டங்கள். இல்லாவிட்டால் குட்டைக் கரையில் நான் பார்க்கப் போக ஒரு மானும் இருந்திருக்காது. ஆனால் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்களுக்கு மறுநாள் சோறு எங்கே என்று அந்தச் சட்டங்கள் சொல்லவில்லை. 1978-இல் ராமுலஸ் விட்டேக்கர் முன்னின்று, வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது ஒரு பதில். தோலுக்குப் பதில் விஷம். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்ப விட்டுவிடுவது. விஷமுறிவு மருந்துக்கு அந்த விஷம்தான் மூலப்பொருள். 2017-இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் ஃபுளோரிடா வரை போய், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் பதின்மூன்று. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. செய்தி வந்த அன்று நானும் பெருமையாகப் பகிர்ந்தேன்.

பகிரும்போது ஞாபகம் வராதது ஒன்று உண்டு. நான் படித்த பள்ளியில், ஆறாம் வகுப்பில், ஒரு இருளர் பையன் சேர்ந்தான். கடைசி பெஞ்சு. அவன் தாண்டிப் போனால் மூக்கைப் பொத்துவோம். "எலி வாடைடா." முதலில் சொன்னது நான் இல்லை. ஆனால் நானும் பொத்தினேன். உண்மையில் அவனிடம் எந்த வாடையும் இருந்ததாக எனக்கு நினைவில்லை, பொத்தியது மட்டும் நினைவிருக்கிறது. அரைப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இருபது வருஷம் கழித்து, யாருக்கும் வாடை தெரியாமல் புகை விடும் கருவியை நான் காசு கொடுத்து வாங்கக்கூட இல்லை, பரிசாகவே வந்தது.

மாசியில் திரும்பவும் தாத்தாவோடு அதே குட்டைக்குப் போனேன். கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். போகும் வழியில் கேட்டேன். "தாத்தா, நீங்க மட்டும் தனியா வந்திருந்தா அன்னிக்கு ஓடியிருக்காதுல்ல? உங்களுக்குக் காடு பழக்கம்."

சிரித்தார். "அதுங்கிட்ட பழக்கம் இன்னா சார் பழக்கம். அதுக்கு நீயும் நானும் ஒரே வாடைதான். மன்சன் வாடை. எங்க குந்தறதுன்னு எனக்குத் தெரியும், அவ்ளோதான்."

மண்ணைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். மேட்டுக்குப் போகாமல், தண்ணீர் வழிந்தோடும் கடைசிப் பள்ளத்தில், கரைக்கு அந்தப் பக்கமாக என்னை உட்கார வைத்தார். அவரும் ஒட்டி உட்கார்ந்தார். அவர் சட்டையில் வைக்கோல் புகை வாடை அடித்தது. என்மேல் என்ன அடித்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் மூன்று மான்கள் இறங்கின. குனிந்தன. ஒன்று தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. எனக்கு இருமல் வரப் பார்த்தது. தாத்தா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அது காதை ஒருமுறை அசைத்துவிட்டு மறுபடி குனிந்து குடித்தது.

"மூச்ச மெதுவா வுடு சார்," என்றார் காதோரமாக.