இழப்புணர்வும் தாக்கும் முடிவும்: ஈரான் மீட்பு முயற்சியை (1980) முன்வைத்து ரோஸ் மெக்டெர்மாட்டின் அரசியல் உளவியல் ஆய்வுகள்

முன்னுரை

1980 ஏப்ரல் 24ஆம் நாள் இரவு, ஈரானில் பணயக்கைதிகளாக இருந்த 53 அமெரிக்கரை மீட்க எட்டு ஹெலிகாப்டர்கள் அந்நாட்டுப் பாலைவனத்தை நோக்கிப் புறப்பட்டன. திட்டம் தொடரக் குறைந்தது ஆறு தேவை. இயங்கும் நிலையில் எஞ்சியவை ஐந்தே. முயற்சி கைவிடப்பட்டது. திரும்பும் வேளையில் ஒரு ஹெலிகாப்டர் போக்குவரத்து விமானத்தின்மீது மோதியதில் எட்டு வீரர்கள் உயிரிழந்தனர். மனித உரிமையைத் தம் வெளியுறவுக் கொள்கையின் அடையாளமாக முன்வைத்த குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், இத்துணை இடர் மிகுந்த படை நடவடிக்கைக்கு இசைந்தது ஏன்? அமெரிக்க அரசியல் உளவியலாளர் ரோஸ் மெக்டெர்மாட் இவ்வினாவிற்கு அளித்த விடையையும், அது வரலாற்றாய்வுக்குப் பயன்படும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

கோட்பாட்டுப் பின்னணி

டேனியல் கானமன், ஆமோஸ் டிவெர்ஸ்கி ஆகியோர் 1979இல் வெளியிட்ட எதிர்நோக்குக் கோட்பாட்டின்படி, மனிதர் ஒரு விளைவைத் தனித்து மதிப்பிடுவதில்லை. தாம் இயல்பெனக் கருதும் ஒரு நிலையோடு ஒப்பிட்டே மதிப்பிடுகின்றனர். அந்த ஒப்புநிலைக்கு மேலே இருப்பதாக உணர்வோர் கையிலுள்ளதைக் காக்க முனைவர். கீழே இருப்பதாக உணர்வோர் இழந்ததை மீட்கப் பெரும் இடரையும் ஏற்பர். பணத்தைப் பற்றிய தேர்வுகளில் கண்டறியப்பட்ட இக்கருத்தை, மெக்டெர்மாட் 1998இல் வெளியிட்ட தம் நூலில் அமெரிக்க வெளியுறவு முடிவுகளுக்குப் பொருத்திக் காட்டினார்.

கார்ட்டரும் வான்ஸும்

1979 நவம்பர் 4இல் தூதரகம் கைப்பற்றப்படுவதற்கு முந்தைய நிலையே கார்ட்டரின் ஒப்புநிலை. அதனோடு ஒப்பிட, 1980 ஏப்ரலில் எல்லாமே இழப்பாக நின்றன. பேச்சுவார்த்தை முறிந்திருந்தது, ஏப்ரல் 7இல் தூதரக உறவு துண்டிக்கப்பட்டது, தம் கட்சிக்குள்ளேயே எட்வர்டு கென்னடியின் போட்டியைக் கார்ட்டர் எதிர்கொண்டிருந்தார். இந்நிலையில் மீட்பு முயற்சி, இழந்த அனைத்தையும் ஒருசேர மீட்கும் வழியாகத் தோன்றியது.

வெளியுறவுச் செயலர் சைரஸ் வான்ஸ் இதே செய்திகளை வேறாகக் கண்டார். கைதிகள் உயிருடன் இருப்பதே அவருக்குக் காக்கத்தக்க பேறு. 1968இல் வட கொரியா பிடித்த பியூப்ளோ கப்பலின் 82 மாலுமிகள் ஏறத்தாழ பதினொரு மாதங்களுக்குப் பின் விடுவிக்கப்பட்டதை அவர் அறிந்திருந்தார். ஈரானுக்கும் கைதிகளால் பயனில்லாத காலம் வரும் என்பது அவர் கணிப்பு. தாம் இல்லாத ஏப்ரல் 11ஆம் நாள் கூட்டத்தில் எடுக்கப்பட்ட முடிவை அவர் எதிர்த்தார். எதிர்ப்பு ஏற்கப்படாததால் பதவி விலகினார். ஒரே அரசில், ஒரே தகவல்களைப் பெற்ற இருவர் எதிரெதிர் முடிவுக்கு வந்ததை இயல்பான துணிவாலோ கோழைமையாலோ விளக்க இயலாது. ஒப்புநிலை வேறுபாடு அதனை விளக்குகிறது.

ஆய்வுக்கூடச் சான்றுகள்

மெக்டெர்மாட் பின்னர்ச் சோதனை முறைக்கும் சென்றார். அவர் பங்கேற்ற 2006ஆம் ஆண்டுப் போர் விளையாட்டு ஆய்வில், தம் வெற்றியைப் பற்றி மிகைநம்பிக்கை கொண்டோரே மிகுதியாகத் தாக்க முற்பட்டனர். 2009ஆம் ஆண்டு ஆய்வு, மோனோஅமைன் ஆக்சிடேஸ் ஏ என்னும் நொதிக்குரிய மரபணுவைப் பற்றியது. தம் ஊதியத்தைப் பறித்ததாகக் கருதப்பட்டவருக்கு மிளகாய்ச் சாற்றைத் தண்டனையாக அளிக்கும் வாய்ப்பு பங்கேற்பாளருக்குத் தரப்பட்டது. பறிப்பு சிறிதாயின் மரபணு வேறுபாட்டின் விளைவு குறைவு. பெரிதாயின் அந்நொதியின் செயற்பாடு குறைந்த வகையினர் மிகுதியாகத் தண்டித்தனர். உடற்கூறு சார்ந்த இவ்வாய்விலும் தாக்கும் மனப்பாங்கைத் தூண்டியது இழப்பே என்பது கருதத்தக்கது.

முடிவுரை

இவ்விளக்கமுறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. துணிந்து தாக்கினார், ஆகவே இழப்பை உணர்ந்தார் என்று முடிவிலிருந்தே காரணத்தைப் பெறின் அது வட்டவாதமாகும். வான்ஸின் விலகல் கடிதம் இங்கு முதன்மை பெறுகிறது. அது ஏப்ரல் 21இல், முயற்சிக்கு மூன்று நாள் முன்னரே அளிக்கப்பட்டது. ஆகவே தோல்வியைக் கண்டபின் உருவான அறிவன்று. முடிவுக்கு முற்பட்ட இத்தகைய ஆவணங்களிலிருந்து ஒப்புநிலையை நிறுவும்போதே உளவியல் விளக்கம் வரலாற்றுச் சான்றாகும். கைதிகள் 1981 சனவரி 20இல் பேச்சுவார்த்தையின் வழியே விடுதலை பெற்றனர். எனினும் வான்ஸின் கணிப்பைப் பின்விளைவைக் கொண்டு மெச்சுவதினும், அன்றைய ஒப்புநிலையைக் கொண்டு விளக்குவதே வரலாற்றாய்வின் கடனாகும்.