சூனி மக்கள்

சூனி மக்கள் எனப்படுவோர் ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேற்குப் பகுதியில், சூனி ஆற்றையொட்டி வாழும் முதற்குடி மக்கள் ஆவர். கல்லாலும் மண்ணாலும் அடுக்கு வீடுகள் கட்டி, மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகியவற்றைப் பயிரிட்டு வாழ்ந்த புவெப்லோ மக்களுள் இவர்களும் ஒரு பிரிவினர். ஸ்பானிய மொழியில் 'புவெப்லோ' என்பதற்கு ஊர் என்று பொருள். இவர்கள் தம்மை 'ஆஷிவி' என அழைத்துக்கொள்கின்றனர். இவர்களது மொழி வேறு எந்த மொழிக் குடும்பத்தையும் சாராத தனிமொழியாகும். குலம் தாய்வழியே கணிக்கப்படுகிறது.

வரலாறு

1539இல் ஸ்பானியப் பயணக் குழுவின் முன்னோடியாக வந்த எஸ்தெவானிக்கோ என்னும் ஆப்பிரிக்க அடிமை சூனி நிலத்தில் கொல்லப்பட்டார். பொன் நகரங்களைத் தேடி 1540இல் படையுடன் வந்த கொரோனாடோ, ஹாவிக்கு என்னும் சூனி ஊரைத் தாக்கிக் கைப்பற்றினார். அங்கே பொன் இருக்கவில்லை. 1629இல் கிறித்தவ சமயப் பணி தொடங்கியது. 1680இல் புவெப்லோ மக்கள் ஒன்றுகூடி ஸ்பானியரை விரட்டிய கிளர்ச்சியில் சூனி மக்களும் பங்கேற்றனர். பின்னர் டோவா யலன்னே என்னும் செங்குத்தான மலையின் மேல் தஞ்சமடைந்தனர். 1692இல் ஸ்பானியர் திரும்பி வந்த பிறகு, பல ஊர்களில் வாழ்ந்தவர்கள் ஹலோனா என்னும் ஒரே ஊரில் குடியேறினர். அதுவே இன்றைய சூனி ஊராகும்.

நம்பிக்கைகள்

முன்னோர் நிலத்தடியிலுள்ள நான்கு உலகங்களைக் கடந்து மேலே வந்து, உலகின் நடுவிடத்தைத் தேடி அலைந்தனர் என்பது தோற்றக் கதை. நீர்மேல் நடக்கும் பூச்சி ஒன்று தன் கால்களை எல்லாத் திசைகளிலும் நீட்டியபோது, அதன் இதயம் அமைந்த இடமே அந்த நடுவிடம். அங்கேதான் ஹலோனா அமைந்தது. மேல், கீழ் உட்பட ஆறு திசைகள் போற்றப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் உண்டு: வடக்கு மஞ்சள், மேற்கு நீலம், தெற்கு சிவப்பு, கிழக்கு வெள்ளை, மேல் பல நிறம், கீழ் கறுப்பு.

இறந்தோர் செல்லும் இடமாகக் கருதப்படும் புனித நிலம் அரிசோனாவில் உள்ளது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கோடைக்காலத்தில் அங்கே நடைப்பயணம் மேற்கொள்ளப்படுகிறது. 1984இல் அமெரிக்கச் சட்டம் இந்நிலத்தைச் சூனி மக்களுக்கு உரியதாக்க வழிசெய்தது. இடைப்பட்ட தனியார் நிலத்தின் வழியே செல்லும் உரிமையை 1990இல் நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஷலாக்கோ

குளிர்காலத் தொடக்கத்தில் நடைபெறும் ஷலாக்கோ முதன்மையான விழாவாகும். ஏறத்தாழ பத்து அடி உயரமுள்ள, பறவை அலகு கொண்ட ஆறு ஷலாக்கோ உருவங்கள் மாலையில் ஊருக்குள் வருகின்றன. அவற்றை வரவேற்கவென்றே கட்டப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட வீடுகளில் விடியும்வரை ஆட்டமும் நெடிய வேண்டுதல்களும் நடைபெறும். மழை, விளைச்சல், நீண்ட ஆயுள் ஆகியவை வேண்டப்படுகின்றன. விழாவைப் படம்பிடிக்க அனுமதியில்லை.

அஹாயுடா சிலைகள்

அஹாயுடா என்போர் போருக்குரிய இரட்டைத் தெய்வங்கள். கரடிக் குலத்தாரும் மான் குலத்தாரும் இவர்களின் மரச் சிலைகளைச் செதுக்குகின்றனர். இவை திறந்தவெளிக் கோயில்களில் வைக்கப்பட்டு, வெயிலிலும் மழையிலும் மக்க விடப்படுகின்றன. சிலை மக்குவதன் வழியாகவே அதன் ஆற்றல் உலகைக் காக்கிறது என்பது நம்பிக்கை. ஆகவே ஓர் அருங்காட்சியகம் சிலையைக் கெடாமல் பேணுவது சூனி மக்களின் பார்வையில் அதன் பணியைத் தடுப்பதாகும்.

19ஆம் நூற்றாண்டு முதல் பல சிலைகள் எடுத்துச் செல்லப்பட்டன. இவை சமூகத்தின் பொதுச்சொத்து. எவரும் விற்க உரிமையற்றவர் என்னும் வாதத்தை முன்வைத்து, 1978இல் சூனித் தலைவர்கள் மீட்பு முயற்சியைத் தொடங்கினர். டென்வர் கலை அருங்காட்சியகமும் ஸ்மித்சோனியன் நிறுவனமும் சிலைகளைத் திருப்பியளித்தன. முதற்குடி மக்களின் புனிதப் பொருட்களைத் திருப்பியளிப்பதற்கான 1990ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்திற்கு முன்பே நிகழ்ந்த முக்கியமான மீட்புகளுள் இவையும் அடங்கும். மீண்டு வந்த சிலைகள், திருட்டிலிருந்து காக்கும் அரண்களுடன், மீண்டும் திறந்த வானின் கீழ் மக்குவதற்காக வைக்கப்பட்டன.